பெயின்டுக்கு அடியில்

போன மாசியில் என் அக்கா மகன் பெங்களூரிலிருந்து ஒரு மஞ்சள் நிற ஸ்போர்ட்ஸ் காரில் வந்து இறங்கினான். கடலூர் சாலையை விட்டு, புதுச்சேரியில் இருக்கும் எங்கள் பிள்ளையார்குப்பத்துக்குள் திரும்பியதும் வரும் வேகத்தடையில் வண்டியை நேராக ஏற்றவில்லை. குறுக்காக, ஒவ்வொரு சக்கரமாக ஏற்றி இறக்கினான். வண்டியின் வயிற்றுக்கும் தரைக்கும் நடுவே அரைச் சாண் இடைவெளிதான். தெருப்பிள்ளைகள் சூழ்ந்துகொண்டார்கள். புதுச்சேரியின் பி.ஒய்.01 பதிவெண். விற்பவர்கள் புது வண்டி விலையில் பாதிக்கும் குறைவாகக் கேட்கிறார்களாம். இரண்டு நாள் ஓட்டிப் பார்க்கக் கொடுத்திருக்கிறார்கள்.

"முன்னாடி லேசா அடிபட்டிருக்காம் மாமா. பம்பரும் பானெட்டும் மாத்திட்டாங்களாம். நீங்க ஒருதரம் பாத்துச் சொன்னீங்கன்னா அட்வான்ஸ் குடுத்துடுவேன்."

முப்பது வருடம் பாலிடெக்னிக்கில் உலோகவியல் சொல்லிக்கொடுத்தவன் நான். வண்டி அழகாகத்தான் இருந்தது. ஆனால் "லேசா" என்று அவன் சொன்னது என் மனதில் உறுத்தியது. ஒரு காருக்கு லேசாக அடிபட்டதா, பலமாக அடிபட்டதா என்பதைப் பம்பரின் நசுங்கலை வைத்துச் சொல்ல முடியாது. அடி எங்கே போய் நின்றது என்று பார்க்க வேண்டும்.

ஓடும் வண்டியின் ஆற்றல், வேகத்தின் இருமடிக்கு ஏற்ப உயரும். 1,500 கிலோ எடையுள்ள கார் மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் போகும்போது அதனிடம் ஏறத்தாழ 208 கிலோஜூல் இயக்க ஆற்றல் இருக்கும். அதே கார் 180 கி.மீ. வேகத்தில் போனால் 1,875 கிலோஜூல். வேகம் மூன்று மடங்கு, ஆற்றல் ஒன்பது மடங்கு. மோதும் நொடியில் அத்தனை ஆற்றலும் எங்கேயாவது போய்த் தீர வேண்டும். ஒன்று, இரும்பு மடங்கித் தீர வேண்டும். இல்லையென்றால் உள்ளே உட்கார்ந்திருப்பவரின் எலும்பில் போய்த் தீரும்.

பழைய கார்களை இரும்புப் பெட்டி போல விறைப்பாகச் செய்தார்கள். விறைப்பு அதிகமானால் பாதுகாப்பு அதிகம் என்று எல்லோரும் நம்பிய காலம் அது. மெர்சிடீஸ் நிறுவனத்தில் வேலை பார்த்த பேலா பாரெனி என்ற பொறியாளர் அதை மாற்றிப் போட்டார். காரின் முன்பக்கமும் பின்பக்கமும் நசுங்கட்டும், நடுவில் ஆள் உட்காரும் கூடு மட்டும் நசுங்காமல் நிற்கட்டும் என்றார். 1950-களின் தொடக்கத்தில் அதற்குக் காப்புரிமை வாங்கினார். 1959-ல் வந்த மெர்சிடீஸ் கார் அந்த முறையில் கட்டப்பட்டது. இன்று எல்லாக் கார்களும் அப்படித்தான். 60 கி.மீ. வேகத்தில் மோதும் காரின் முன்பகுதி 60 செ.மீ. மடங்கிக் கொடுத்தால், உள்ளே இருப்பவர் புவியீர்ப்பைப் போல ஏறத்தாழ 24 மடங்கு விசையைத் தாங்க வேண்டியிருக்கும். 10 செ.மீ. மட்டும் மடங்கினால் அது 140 மடங்கைத் தாண்டும். பெல்ட் போட்டவர் முதலாவதில் பிழைக்க வழி இருக்கிறது. இரண்டாவதில் அநேகமாக இல்லை.

2025 ஜனவரியில் துபாய் பந்தயப் பயிற்சியில் நடிகர் அஜித்குமாரின் போர்ஷே தடுப்பில் மோதிச் சுழன்று நின்ற காட்சியை நம்மில் பலரும் கைபேசியில் பார்த்தோம். வண்டி சிதைந்தது, அவர் காயமில்லாமல் இறங்கி வந்தார். எது உடைய வேண்டும், எது உடையக் கூடாது என்று முன்கூட்டியே கணக்குப் போட்டுச் செய்த வண்டி என்பதால்தான் அது நடந்தது.

ஒரு தடவை மடங்கி ஆற்றலை வாங்கிக்கொண்ட பகுதி, இரண்டாவது தடவையும் அதே போல மடங்குமா? அடிபட்ட காரை வாங்க நினைப்பவர் முதலில் யோசிக்க வேண்டியது இதைத்தான். வீட்டில் ஒரு கட்டுக்கம்பியை எடுத்து மடக்கிவிட்டு, கையால் நேராக்கிப் பாருங்கள். எவ்வளவு முயன்றாலும் மடங்கிய இடத்தில் ஒரு முடிச்சு மாதிரி நெளிவு நிற்கும். மடங்கிய இடம் இறுகிவிட்டது. அதனால் நிமிர்த்தும்போது அது வளையாமல், அதற்கு இரு பக்கமும் இருக்கும் மென்மையான கம்பிதான் வளைகிறது. மறுபடி மறுபடி செய்தால் அங்கேயே பட்டென்று முறியும். சேஸிஸை, அதாவது வண்டியின் சட்டகத்தை, சங்கிலி போட்டு இழுத்து நிமிர்த்தும்போதும் நடப்பது இதுதான். அளவு சரியாக வந்துவிடும், உலோகம் பழைய உலோகமாக இருக்காது.

சூடு காட்டி நிமிர்த்தினால் நிலைமை இன்னும் மோசம். எங்கள் பாகூர்ப் பக்கம் நெல் வயல்கள் அதிகம். எங்கள் சிறு வயதில் அறுப்புக்கு முன்னால் கருக்கரிவாள்கள் எல்லாம் கொல்லப்பட்டறைக்குப் போகும். ஆசாரி அரிவாளைப் பழுக்கக் காய்ச்சி, நிறம் பார்த்து, தண்ணீரில் முக்கி எடுப்பார். அந்த நொடியில் இரும்புக்குள் அணுக்களின் அடுக்கு மாறி, வளையாத கடினம் வந்துவிடும். பதம் ஏறிய அரிவாள் தப்பித்தவறி அடுப்புத் தணலில் விழுந்து மெல்ல ஆறினால், பதம் இறங்கிப்போகும். பார்ப்பதற்கு அதே அரிவாள்தான். நெல்தாளை அறுக்காது.

இன்றைய கார்களில் கதவுத் தூண், கூரை விளிம்பு போன்ற இடங்களில் வைக்கும் போரான் எஃகு, ஆலை அளவில் செய்யப்பட்ட அதே கொல்லர் வேலைதான். தகட்டை 900 டிகிரிக்கு மேல் காய்ச்சி, குளிர்ந்த அச்சுக்குள் வைத்து அழுத்துகிறார்கள். அச்சுக்குள்ளேயே அது சட்டென்று ஆறிக் கெட்டிப்படுகிறது. சாதாரணத் தகட்டின் இழுவலிமை 300 மெகாபாஸ்கல் அளவில் இருந்தால், இதனுடையது 1,500. டிங்கர் பட்டறையில் ஒருவர் கேஸ் சுடரை வைத்து அந்தத் தூணைச் சூடாக்கித் தட்டி நேராக்கிவிட்டால் பதம் இறங்கிவிடும். மேலே பட்டி பார்த்து, பெயின்ட் அடித்து, பாலீஷ் போட்ட பிறகு ஒரு கண்ணுக்கும் அது தெரியாது. அடுத்த மோதலில்தான் தெரியும். டிங்கர் வேலைக்காரரை நான் குறை சொல்லவில்லை. கையாலேயே தகட்டைப் பழைய வடிவத்துக்குக் கொண்டுவருகிற அவர்களுடைய திறமை பெரியது. ஆனால் அந்தத் திறமை மென்மையான இரும்புக்காக வளர்ந்தது.

மருமகன் கொண்டுவந்த வண்டியின் சட்டகமோ இரும்பே அல்ல, அலுமினியம். எடை குறைய வேண்டும் என்பதற்காக ஸ்போர்ட்ஸ் கார்கள் பலவற்றில் இப்படித்தான் செய்கிறார்கள். அலுமினியத்தில் மூன்று சிக்கல்கள் கூடுதலாக வரும். சூடாகும்போது இரும்பு சிவந்து காட்டும். அலுமினியம் சிவக்காது. நிறம் மாறாமலே இருந்து 660 டிகிரியில் உருகிவிடும். நிறம் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது எச்சரிக்கையே தருவதில்லை. அடுத்தது, கார் சட்டகத்துக்குப் பயன்படுத்தும் அலுமினியக் கலவைகளில் பல, வெப்பப் பக்குவத்தால் வலிமை பெற்றவை. பற்றவைத்தால் அந்த ஓரம் வலுவிழக்கும். அதனால்தான் ஆலையில் பல இணைப்புகளை ரிவிட் அடித்தும் பசை போட்டும் சேர்க்கிறார்கள். மூன்றாவது, இரும்பும் அலுமினியமும் ஈரத்தில் தொட்டுக்கொண்டிருந்தால் மின்வேதி அரிப்பு தொடங்கிவிடும், அலுமினியம்தான் கரையும். எங்கள் ஊரிலிருந்து வங்கக் கடல் கூப்பிடு தூரம். உப்புக் காற்று இந்த வேலையை வேகப்படுத்தும். அலுமினியக் கார்களைப் பழுது பார்க்கும் நல்ல பட்டறைகளில் அதற்கென்று தனி அறையும் தனிக் கருவிகளும் வைத்திருப்பார்கள். இரும்பை உரசிய கிரைண்டரின் தூள்கூட அதன்மேல் படக் கூடாது.

கார்பன் இழைக் கூடு கொண்ட வண்டிகள் இன்னும் ஒரு படி மேலே. 1981-ல் மெக்லாரன் நிறுவனம்தான் ஃபார்முலா ஒன் பந்தயத்துக்கு முதல் கார்பன் கூடு காரைக் கொண்டுவந்தது. அதே ஆண்டு இத்தாலியின் மோன்சாவில் ஜான் வாட்சன் ஓட்டிய அந்த வண்டி மோதி இரண்டாகப் பிய்ந்தது. கூட்டுக்குள் இருந்த அவர் நடந்து வெளியே வந்தார். கார்பன் அவ்வளவு வலுவானது. ஆனால் அது இரும்பைப் போல நசுங்கிக் காட்டாது. மேல் பரப்பு வழவழப்பாக இருக்க, உள்ளே அடுக்குகள் ஒன்றை விட்டு ஒன்று பிரிந்திருக்கலாம். இதைக் கண்டுபிடிக்க விமானப் பொறியாளர்கள் இன்றும் செய்கிற எளிய சோதனை, நாணயத்தால் தட்டிக் கேட்பது. வில்லியனூரில் மண்பானை வாங்கப் போனால் நம் வீட்டுப் பெண்கள் விரலை மடக்கிச் சுண்டிப் பார்ப்பார்களே, அதே வித்தைதான். நல்ல பானை கணீரென்று சொல்லும், விரிசல் விட்டது சத்தமில்லாமல் அமுங்கும். நல்ல கார்பனும் கூர்மையாக ஒலிக்கும், அடுக்கு பிரிந்த இடம் மந்தமாக ஒலிக்கும். சந்தேகம் வந்தால் மீயொலிக் கருவி வைத்து உறுதிசெய்வார்கள்.

அப்படியானால் அடிபட்ட ஸ்போர்ட்ஸ் காரைத் தொடவே கூடாதா? அப்படிச் சொல்ல மாட்டேன். மிஸ்டர் பீனாக நமக்குத் தெரிந்த ரோவன் அட்கின்சன் ஒரு மெக்லாரன் எஃப்1 வைத்திருந்தார். 1999-ல் முன்னால் போன ஒரு சிறிய காரின் பின்புறம் இடித்தார். 2011-ல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ்ஷயரில் கட்டுப்பாட்டை இழந்து மரத்தில் மோதினார். பழுது பார்க்க ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. காப்பீட்டு நிறுவனம் கொடுத்தது 9,10,000 பவுண்டு. இரண்டு தடவை அடிபட்ட அதே வண்டி 2015-ல் ஏறத்தாழ 80 லட்சம் பவுண்டுக்கு விலை போனது. வாங்கியவர் ஏமாறவில்லை. எந்தப் பாகம் மாறியது, எதை யார் செய்தார்கள் என்று உலகத்துக்கே தெரிந்திருந்தது. செய்த நிறுவனமே அந்த வண்டியைத் திரும்பக் கட்டியது. மறைக்காத விபத்து விலையைக்கூடக் கெடுக்கவில்லை.

எங்கள் விஷயத்துக்கு வருகிறேன். மறுநாள் காலையில் வண்டியைத் தட்டாஞ்சாவடியில் பட்டறை வைத்திருக்கும் என் பழைய மாணவரிடம் கொண்டுபோனோம். முதலில் பெயின்ட் கனம் அளக்கும் சின்னக் கருவியை எடுத்தார். இரும்பின் மேல் காந்தத் தூண்டலாலும், அலுமினியத்தின் மேல் சுழல் மின்னோட்டத்தாலும் அது அளக்கும். ஆலையில் அடித்த பெயின்ட் பெரும்பாலும் 100 முதல் 150 மைக்ரான் வரை இருக்கும், ஒரு தலைமுடியின் தடிமனை ஒட்டி. கூரையில் வைத்தார், 118. வலது கதவில் 124. இடது முன் ஃபெண்டரில் வைத்ததும் 860 என்றது. ஏழு பங்கு கனம் பெயின்டால் வராது, உள்ளே பட்டி இருக்கிறது. பழைய வண்டி வாங்குபவர்கள் துணி சுற்றிய காந்தத்தை ஒட்டிப் பார்ப்பார்கள். இரும்புத் தகட்டில் அது நல்ல சோதனைதான். அலுமினியத்தில் எங்கு வைத்தாலும் காந்தம் ஒட்டாது, அதனால் அங்கே அது உதவாது.

ஃபெண்டரைப் பிடித்திருந்த போல்ட்டுகளின் தலையில் பெயின்ட் உடைந்திருந்தது. ஸ்பேனர் போட்டுக் கழற்றிய அடையாளம். பானெட்டுக்கும் ஃபெண்டருக்கும் நடுவே உள்ள சந்து, வலது பக்கம் ஒரே சீராகவும் இடது பக்கம் பின்னால் போகப் போக அகலமாகவும் இருந்தது. சாவியைத் திருப்பி ஏர்பேக் விளக்கைப் பார்த்தோம். ஒரு கணம் எரிந்து அணைந்தது. இது முக்கியம். விபத்தில் ஏர்பேக் 30 மில்லி நொடியில் விரிந்து முடிந்துவிடும், கண் இமைக்கக்கூட அதைவிட அதிக நேரம் வேண்டும். ஒருமுறை விரிந்த பையைத் திரும்ப மடித்து வைக்க முடியாது, புதிது போட வேண்டும், விலை அதிகம். சிலர் புதிது போடாமல் மூடியை மட்டும் ஒட்டிவிட்டு, எச்சரிக்கை விளக்கு எரியாமல் இருக்க மின்சுற்றில் ஒரு மின்தடையைப் பொருத்திவிடுவார்கள். அதனால் விளக்கை மட்டும் நம்பாமல், கணினியை இணைத்து ஏர்பேக் கட்டுப்பாட்டுப் பெட்டியில் மோதல் பதிவு ஏதும் இருக்கிறதா என்றும் படித்துப் பார்த்தோம். சீட் பெல்ட்டையும் முழுக்க வெளியே இழுத்துப் பார்த்தோம். பலமான மோதலில் ஆளைத் தாங்கிய பெல்ட்டில் உராய்ந்த தடம் இருக்கும்.

அதற்குப் பிறகு வண்டியைத் தூக்கினார்கள். இடது முன்சக்கரத்தைத் தாங்கும் வார்ப்பு அலுமினியப் பாகத்தை மாணவர் துடைத்தார். அதன்மேல் சிவப்புச் சாயத்தைத் தெளித்துப் பத்து நிமிடம் விட்டார். விரிசல் இருந்தால் சாயம் அதற்குள் இறங்கிக்கொள்ளும். பிறகு மேல்பரப்பைச் சுத்தமாகத் துடைத்துவிட்டு, வெள்ளைப் பொடிக் கரைசலைத் தெளித்தார். பாகம் முழுக்கச் சுண்ணாம்பு அடித்த மாதிரி ஆனது. நாங்கள் மூவரும் பேசாமல் நின்றோம். ஒரு நிமிடத்துக்குள், போல்ட் துளையின் ஓரத்திலிருந்து முடி போல ஒரு சிவப்புக் கோடு கசிந்து வந்தது. அரை விரற்கடை நீளம் இருக்கும்.

சின்ன விரிசல்தானே என்று விட முடியாது. இரும்பில் ஓர் அளவுக்குக் கீழ் சுமை இருந்தால் எத்தனை கோடி முறை ஆட்டினாலும் உலோகக் களைப்பு வருவதில்லை. அலுமினியத்துக்கு அப்படி ஒரு பாதுகாப்பான எல்லை கிடையாது. சிறு அதிர்வுகளும் சேர்ந்துகொண்டே போகும். விரிசல் ஒவ்வோர் ஆட்டத்திலும் மயிரிழை மயிரிழையாக முன்னேறும். அதிலும் வார்ப்புப் பாகம் நெளியாது, ஒரு நாள் முறியும். இந்த வண்டியில் அதிர்வுக்குப் பஞ்சமில்லை. சக்கரத்தின் விளிம்பில் 10 கிராம் எடை ஏறுமாறாக இருந்தால் 100 கி.மீ. வேகத்தில் அது ஒன்றரைக் கிலோ எடை அளவு விசையோடு அச்சை உதறும். 200 கி.மீ. வேகத்தில் அதுவே ஆறு கிலோவைத் தொடும். பின்சக்கரங்கள் பார்க்கும் திசை நடுக்கோட்டிலிருந்து ஒரே ஒரு டிகிரி விலகியிருந்தால், 100 மீட்டருக்கு ஒன்றே முக்கால் மீட்டர் பக்கவாட்டில் இழுக்கும். ஓட்டுபவர் ஸ்டீயரிங்கைக் கொஞ்சம் திருப்பிப் பிடித்து அதைச் சரிக்கட்டிக்கொள்வார், தனக்கே தெரியாமல். வேகத்தில் பிரேக் போடும்போது மாட்டிக்கொள்வார். சாதாரண வண்டியில் காலம் முழுக்க வெளியே தெரியாமலே போகும் குறையை, வேக வண்டி வெகு சீக்கிரம் வெளியே கொண்டுவரும்.

பதிவெண்ணைப் பற்றியும் ஒரு வார்த்தை. புதுச்சேரியில் சாலை வரி குறைவு என்பதால் வெளிமாநிலத்தாரின் விலை உயர்ந்த கார்கள் பல காலமாக இங்கே பதிவாகி வந்திருக்கின்றன. 2017-ல் கேரளத்தில் திரைத்துறையினர் சிலரின் கார்கள் இப்படிப் பதிவானது பெரிய விவகாரமாகி விசாரணை வரை போனது. எனவே பி.ஒய். எண்ணைப் பார்த்து நம்மூர் வண்டி என்று நினைத்துவிடக் கூடாது. ஓடியது கொச்சியாக இருக்கலாம், இடித்தது ஐதராபாத்தாக இருக்கலாம். முள்ளோடையைத் தாண்டினால் தமிழ்நாடு. அங்கேயே வைத்து 12 மாதத்துக்கு மேல் ஓட்டினால் அங்கே மறுபதிவு செய்ய வேண்டும். இன்னொன்று, பழுதுச் செலவு காப்பீட்டு மதிப்பில் 75 சதவீதத்தைத் தாண்டினால் அதை முழு இழப்பாகக் கணக்கிடுவார்கள். அப்படித் தள்ளிய வண்டிகளை ஏலத்தில் எடுத்துத் திரும்பக் கட்டி விற்பதும் நடக்கிறது. விற்பவர் தன் நோ கிளெய்ம் போனஸைக் காட்டினால், அது அவர் பெயருக்குச் சேர்ந்தது, வண்டிக்குச் சேர்ந்தது அல்ல என்பதை நினைவில் வையுங்கள். வாங்கப்போகும் வண்டியின் காப்பீட்டுக் கோரிக்கை விவரத்தையும், சர்வேயர் எடுத்த படங்களையும், பாகங்கள் வாங்கிய பில்லையும் கேளுங்கள். 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் கொட்டிய மழையும், அடுத்துப் பெருகிய தென்பெண்ணை வெள்ளமும் பாகூர்ப் பக்கத்தை மூழ்கடித்ததையும் மறக்க வேண்டாம். அந்தத் தேதிக்குப் பிறகு விற்பனைக்கு வந்த வண்டி என்றால் தரைவிரிப்புக்கு அடியில் சேறு இருக்கிறதா என்றும் பாருங்கள்.

அந்தச் சிவப்புக் கோட்டைக் கைபேசியில் படம் எடுத்துக்கொண்ட மருமகன் திரும்பி வரும் வழியில் அதிகம் பேசவில்லை. கிருமாம்பாக்கம் தாண்டியதும், "பாகத்த மட்டும் மாத்திக்கலாமா மாமா?" என்று கேட்டான். மாற்றலாம். ஆனால் அந்தப் பாகத்தை உடைத்த அடி, அதற்குப் பின்னால் இருக்கும் சட்டகத்தையும் தொட்டிருக்கும். சட்டகத்தை அளவுமேடையில் ஏற்றி, நிறுவனம் கொடுக்கும் அளவுகளோடு ஒவ்வொரு புள்ளியாக ஒப்பிட்ட அறிக்கை வேண்டும். அதை விற்பவரிடம் கேள் என்றேன். கேட்டான். அப்படி ஒன்று இல்லை என்றார்கள். வண்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டான்.

எங்கள் ஊரில்தான் மகாத்மா காந்தி மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. அதன் வாசலில் கடலூர் சாலையைக் கடக்க மாணவர்களும் நோயாளிகளும் பகலெல்லாம் நின்றுகொண்டிருப்பார்கள். ஓடும் வண்டியின் முன்சக்கரப் பாகம் முறிந்தால் அது போகும் திசையில் அவர்களும் இருப்பார்கள். வேக வண்டி மேல் ஆசைப்படும் தம்பிகளே, வாங்குங்கள், தவறில்லை. முன்பணம் கொடுக்கும் முன் நீங்களே தேர்ந்தெடுத்த பட்டறையில் வண்டியைத் தூக்கி அடியில் பாருங்கள். தூக்கிப் பார்க்க விற்பவர் சம்மதிக்காவிட்டால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் அந்த வண்டியை வாங்காதீர்கள்.